கட்டத்துக்குள் ஒரு நாய்க்குட்டி



"செல்போனில் விளையாடுகிறவன் உருப்பட மாட்டான்" என்பது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம். அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்காட நான் வரவில்லை. பல விளையாட்டுகளுக்கு அது பொருந்தத்தான் செய்யும். ஆனால் எல்லா விளையாட்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட முடியாது. பூனை, நாய், முயல், அணில் என்று குழந்தைப் பிள்ளைகள் ஆடுவது போலத் தோற்றம் காட்டி, உள்ளே சுத்தமான கணக்கை ஒளித்து வைத்திருக்கும் ஒரு விளையாட்டு இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இதன் பொதுப்பெயர் நோனோகிராம். பிக்ராஸ் என்றும் சொல்வார்கள். திரையில் வெறும் கட்டங்கள் இருக்கும். ஓரத்தில் சில எண்கள் இருக்கும். அந்த எண்களை மட்டும் வைத்து எந்தக் கட்டத்துக்குக் கறுப்பு அடிப்பது, எதை வெறுமனே விடுவது என்று யோசித்து முடிவு செய்ய வேண்டும். எல்லாம் முடிந்ததும் ஒரு படம் தெரியும். 'மியாவ் டவர்' என்ற செல்போன் விளையாட்டில் ஒரு கோபுரம் முழுக்கப் பூனைகள் குடியிருக்கும். நாம் புதிர் போடப் போட, அவற்றின் அறைக்குச் சாமான்கள் வந்து சேரும். பார்க்க அழகு, ஆட அமைதி. அடிதடி இல்லை, துப்பாக்கி இல்லை, ஓட்டம் இல்லை.

"இதில் என்னப்பா இருக்கிறது?" என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

பிறந்த கதை

1987-ம் ஆண்டு. ஜப்பான் நாட்டின் டோக்கியோ நகரில் ஒரு போட்டி நடந்தது. நோன் இஷிடா என்ற பெண்மணி அதில் ஒரு புதுமை செய்தார். உயரமான கட்டடத்தின் ஜன்னல்களில் சில விளக்குகளை எரியவிட்டு, சிலவற்றை அணைத்து, அந்த வெளிச்சத்தாலேயே படம் வரையும் யோசனை அது. பரிசு அவருக்கே கிடைத்தது. ராத்திரி ஷிப்ட் நடக்கும் நம் ராஜபாளையம் மில் ஒன்றை பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பீர்கள். வரிசை வரிசையாக ஜன்னல்கள், சிலதில் வெளிச்சம், சிலதில் இருட்டு. அதையே ஒரு படமாக நினைத்துப் பாருங்கள். அவ்வளவுதான் அவருடைய கற்பனையின் வித்து.

எந்த ஜன்னல் எரிகிறது என்பதை எண்களால் மட்டும் சொன்னால் அது புதிராகிவிடும் அல்லவா? 1988-ல் இஷிடா அப்படிப்பட்ட புதிர்களை ஜப்பானில் வெளியிட்டார். அதே காலத்தில் டெட்சுயா நிஷியோ என்ற இன்னொரு ஜப்பானியரும் தனியாக இதே புதிரைக் கண்டுபிடித்தார். 1990-ல் இங்கிலாந்தின் சண்டே டெலிகிராப் பத்திரிகை இதை வாரந்தோறும் வெளியிடத் தொடங்கியது. ஜேம்ஸ் டால்ஜெட்டி என்பவர் நோன் இஷிடாவின் பெயரை வைத்தே நோனோகிராம் என்று பெயர் சூட்டினார். ஒரு பெண்ணின் பெயர் ஒரு கணக்குக்கே பெயராகிவிட்டது!

1995-ல் நின்டெண்டோ கம்பெனி கையடக்க கேம்பாய் கருவிக்கு 'மரியோஸ் பிக்ராஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. படம், குறுக்கெழுத்து என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டிச் செய்த பெயர்தான் பிக்ராஸ். அதில் மரியோ உளியும் சுத்தியலுமாகக் கட்டங்களைக் கொத்துவார். தவறான கட்டத்தைக் கொத்தினால் முதல் முறை 2 நிமிடம் போகும், அடுத்த முறை 4, அதற்கடுத்து 8. ஊகித்து ஆடுகிறவனுக்கு அங்கேயே ஆப்பு! 2015-ல் போக்கிமான் பிராணிகளை வைத்தும் ஒரு பிக்ராஸ் வந்தது. இன்று செல்போனில் இந்த வகை ஆட்டங்கள் ஏராளம்.

விதிகள் மூன்றே மூன்று

குறுக்கே போவதை வரிசை என்றும், மேலிருந்து கீழே வருவதைத் தூண் என்றும் வைத்துக்கொள்வோம். கணக்குப் புத்தகத்தில் நிரை, நிரல் என்று படித்தோமே, அதேதான்.

1. ஓர் எண், அடுத்தடுத்து வரும் கறுப்புக் கட்டங்களின் எண்ணிக்கையைச் சொல்கிறது. 4 என்றால் ஒட்டினாற்போல் நான்கு கட்டங்கள்.

2. ஒரு வரிசைக்கு இரண்டு எண்கள் இருந்தால் இரண்டு கூட்டங்கள். '1 2' என்றால் முதலில் ஒரு கட்டம், பிறகு எங்கோ இரண்டு கட்டங்கள்.

3. இரண்டு கூட்டங்களுக்கு நடுவே குறைந்தது ஒரு வெற்றுக் கட்டமாவது இருந்தே தீரவேண்டும்.

இதற்கு மேல் விதி கிடையாது. சதுரங்கத்தில் கூட இதைவிட விதிகள் அதிகம்.

வாருங்கள், ராஜபாளையம் நாயை வரைவோம்

நம் ஊர் நாய்க்கு அறிமுகம் தேவையில்லை. பால் போன்ற வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. 2005-ல் இந்திய அஞ்சல் துறை அதற்குத் தபால்தலையே வெளியிட்டது. செல்போன் ஆட்டங்களில் எங்கோ இருக்கும் நாயெல்லாம் வருகிறது, நம் நாய் வருவதில்லை. ஆகவே நானே ஒரு சின்னப் புதிர் செய்திருக்கிறேன். ஐந்துக்கு ஐந்து கட்டம். கையில் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வரிசைகள், மேலிருந்து கீழாக:
முதல் வரிசை: 1
இரண்டாம் வரிசை: 1 2
மூன்றாம் வரிசை: 4
நான்காம் வரிசை: 3
ஐந்தாம் வரிசை: 1 1

தூண்கள், இடமிருந்து வலமாக:
முதல் தூண்: 2
இரண்டாம் தூண்: 3
மூன்றாம் தூண்: 2
நான்காம் தூண்: 5
ஐந்தாம் தூண்: 1

முதலில் ஒரு சின்னச் சோதனை. வரிசை எண்களையெல்லாம் கூட்டினால் 13. தூண் எண்களைக் கூட்டினாலும் 13. கறுப்புக் கட்டங்களை எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் ஒரே எண்ணிக்கைதானே! இந்த இரண்டும் ஒத்துவராவிட்டால் புதிரே தப்பு.

படி 1: நான்காம் தூணின் எண் 5. இருப்பதும் ஐந்து கட்டம். யோசனையே வேண்டாம், தூண் முழுக்கக் கறுப்பு.

படி 2: முதல் வரிசைக்கு ஒரே ஒரு கட்டம். அது நான்காம் தூணில் வந்துவிட்டது. மீதி நான்கிலும் பெருக்கல் குறி போடுங்கள். பெருக்கல் குறி என்றால் 'இங்கே கறுப்பு கிடையாது' என்று அர்த்தம்.

படி 3: மூன்றாம் வரிசைக்கு 4. ஐந்து கட்டத்தில் நான்கை வைக்க இரண்டே வழி: 1 முதல் 4 வரை, அல்லது 2 முதல் 5 வரை. எந்த வழியானாலும் 2, 3, 4 நிச்சயம் கறுப்பு.

படி 4: நான்காம் வரிசைக்கு 3. நான்காம் கட்டம் ஏற்கெனவே கறுப்பு. ஆகவே 2 முதல் 4, அல்லது 3 முதல் 5. எப்படிப் பார்த்தாலும் மூன்றாம் கட்டம் கறுப்பு, முதல் கட்டம் காலி.

படி 5: இப்போது மூன்றாம் தூணைப் பாருங்கள். அதற்கு இரண்டு கட்டம்தான். மூன்றாம், நான்காம் வரிசைகளில் இரண்டும் வந்துவிட்டன. மீதியெல்லாம் காலி.

படி 6: இரண்டாம் வரிசை '1 2'. நான்காம் கட்டம் கறுப்பு. அது '1' ஆக இருக்க முடியாது, ஏனென்றால் அதற்குப் பின்னால் '2' வைக்க இடமில்லை. ஆகவே அது '2'-ன் பகுதி. மூன்றாம் கட்டம் காலி என்று இப்போதுதான் தெரிந்தது. எனவே '2' என்பது 4, 5.

படி 7: ஐந்தாம் தூணுக்கு ஒரே கட்டம், அது இரண்டாம் வரிசையில் வந்துவிட்டது. மற்றவை காலி. ஆகவே மூன்றாம் வரிசை 1 முதல் 4 வரை. நான்காம் வரிசை 2 முதல் 4 வரை.

படி 8: முதல் தூணுக்கு 2. மூன்றாம் வரிசையில் ஒன்று வந்தது. நான்காம் வரிசை காலி. ஒட்டி வரவேண்டிய இன்னொன்று இரண்டாம் வரிசையில்தான் இருக்க முடியும். அதோடு இரண்டாம் வரிசையும் முடிந்தது.

படி 9: இரண்டாம் தூணுக்கு 3. முதல் இரண்டு வரிசையிலும் காலி. ஆகவே மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தாம் வரிசையில் இரண்டாவதும் நான்காவதும் கறுப்பு, மற்றவை காலி. முடிந்தது!

□ □ □ ■ □
■ □ □ ■ ■
■ ■ ■ ■ □
□ ■ ■ ■ □
□ ■ □ ■ □

வலது பக்கம் காதும் மூக்கும், இடது பக்கம் தூக்கிய வால், கீழே கால்கள். வெள்ளை நாயைக் கறுப்பில் வரைய வேண்டியதாகிவிட்டது, மன்னிக்கவும்.

இந்த ஒன்பது படியிலும் ஒரு இடத்தில் கூட நாம் "இருக்கலாம்" என்று எழுதவில்லை. "இருந்தே ஆகவேண்டும்" என்றுதான் எழுதினோம். ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் கறுப்பு வெள்ளையை 3 கோடியே 35 லட்சத்து 54 ஆயிரத்து 432 விதங்களில் நிரப்பலாம். அத்தனையிலிருந்தும் ஒரே ஒரு படத்தை ஒன்பது படிகளில் பிடித்துவிட்டோம். யோசனையின் பலம் அதுதான்.

பெரிய கட்டத்துக்கு ஒரு சூத்திரம்

பத்துக்குப் பத்து, பதினைந்துக்குப் பதினைந்து என்று போகும்போது கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு.

எண்களைக் கூட்டுங்கள். நடுவில் வரவேண்டிய இடைவெளிகளையும் சேர்த்துக் கூட்டுங்கள். மொத்தக் கட்டத்திலிருந்து அதைக் கழியுங்கள். வருவது 'மிச்சம்'. எந்த எண் மிச்சத்தைவிடப் பெரியதோ, அந்தக் கூட்டத்தில் சில கட்டங்கள் இப்போதே நிச்சயம். எத்தனை? அந்த எண்ணிலிருந்து மிச்சத்தைக் கழித்தால் எத்தனையோ அத்தனை.

உதாரணம்: பத்துக் கட்டம், எண்கள் '4 3'. நான்கும் மூன்றும் ஏழு, இடைவெளி ஒன்று, மொத்தம் எட்டு. மிச்சம் 2. நான்கில் இரண்டு கட்டம் நிச்சயம்: அவை 3, 4. மூன்றில் ஒரு கட்டம் நிச்சயம்: அது 8. கூட்டத்தை இடது ஓரமாகத் தள்ளிப் பாருங்கள், வலது ஓரமாகத் தள்ளிப் பாருங்கள். இரண்டிலும் கறுப்பாக விழும் கட்டம்தான் நிச்சயக் கட்டம்.

மிச்சம் பூஜ்யம் என்றால் வரிசை முழுவதும் அப்போதே முடிந்தது. அப்படிப்பட்ட வரிசைகளை முதலில் தேடுங்கள். பிறகு ஓரங்களைப் பாருங்கள். ஓரத்துக் கட்டம் கறுப்பாகிவிட்டால் அந்தக் கூட்டம் முழுவதும் அங்கிருந்தே தொடங்கும். அப்புறம் குறுக்கும் நெடுக்குமாக மாறி மாறிப் பாருங்கள். வரிசை கொடுத்த விடை தூணுக்கு உதவும், தூண் கொடுத்த விடை வரிசைக்கு உதவும். ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பார்களே, அதுபோல.

பெருக்கல் குறியை மறக்காதீர்கள். புதிதாக ஆடுகிறவர்கள் கறுப்பு அடிப்பதில்தான் ஆசையாக இருப்பார்கள். அனுபவசாலிகள் காலிக் கட்டத்தைக் குறிப்பதில் கவனமாக இருப்பார்கள். 'இல்லை' என்று தெரிவதும் ஒரு தகவல்தான்!

பல ஆட்டங்களில் மூன்று இதயம் கொடுப்பார்கள். தப்பு செய்தால் ஒன்று போகும். ஊகித்து ஊகித்து ஆடினால் இதயமெல்லாம் தீர்ந்து விளம்பரம் பார்க்க வைப்பார்கள். காகிதத்தில் போட்டாலோ இன்னும் மோசம். ஒரு கட்டம் தப்பினால் அது அடுத்த வரிசையைக் கெடுத்து, அது அடுத்த தூணைக் கெடுத்து, கடைசியில் நாய்க்குப் பதில் பேய் வந்து நிற்கும்.

எங்கள் வீட்டில் இருந்த பழைய நோனோகிராம்

நான் எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் தறி நெய்கிறவர். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். நான் செல்போனில் கட்டம் நிரப்பிக்கொண்டிருந்ததை ஒரு நாள் எட்டிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ, "என்னடா, கிராப் போடுறியா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அப்புறம் அவரே விளக்கினார். சேலைக் கரையில் மயிலோ அன்னமோ வரவேண்டும் என்றால் முதலில் கிராப் பேப்பரில் கட்டம் கட்டமாக வரைவார்கள். நெடுக்கே உள்ள கோடு பாவு இழை. குறுக்கே உள்ளது ஊடை. எந்தக் கட்டத்தில் நிறம் இருக்கிறதோ அந்த இடத்தில் பாவு இழை எழும்ப வேண்டும். அதைப் பார்த்து அட்டையில் துளை அடிப்பார்கள். துளை இருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் கீழேயே கிடக்கும். ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. அட்டைகளை வரிசையாகக் கோத்து ஜக்கார்டில் மாட்டினால் துணியில் மயில் வந்து உட்காரும்.

"இந்த வரியில மூணு எழும்பணும், அப்புறம் ஒண்ணு விட்டு மூணு. அவ்வளவுதானேடா?" என்று திரையில் விரலை வைத்துச் சொன்னார். நான் இன்னும் மிச்சம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எண்களைப் பார்த்ததும் அவர் கண்ணில் இழைகள் தெரிகின்றன. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

நண்பர்களே, இந்த ஜக்கார்டு சாதாரண விஷயமல்ல. பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ல் உருவாக்கிய இயந்திரம் அது. அதன் துளை அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் 1830-களில் தம்முடைய கணக்கு இயந்திரத்துக்கு அட்டை முறையைத் திட்டமிட்டார். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளை வைத்தே செய்து காட்டினார். அதன்பின் பல பத்தாண்டுகள் கம்ப்யூட்டர்களுக்கு அட்டையில்தான் தகவல் கொடுத்தார்கள். துளை உண்டு, துளை இல்லை. ஒன்று, பூஜ்யம். நாம் லேபில் படிக்கும் பைனரிக்குத் தறிமேடையும் ஒரு பாட்டன் வீடு என்றால் மிகையாகாது.

அம்மாவின் கோலமும் இந்தக் குடும்பம்தான். "பதினஞ்சு புள்ளி, எட்டு வரை, ஊடு புள்ளி" என்று ஒரு வாக்கியம்தான் சொல்வார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா அதைக் கேட்டே வாசலில் அதே புள்ளி அடுக்கை வைத்துவிடுவார்கள். ஒரு முழு அமைப்பையும் மூன்று சொல்லில் அடக்கி இன்னொருவருக்குக் கொடுப்பது சுலபமா? கம்ப்யூட்டர்காரர்கள் இதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் இதற்குப் பெயர் மார்கழி.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நம்மில் பலர் தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள். முதலாம் ஆண்டில் போர்டில் ஆங்கிலம் ஓடும்போது "நமக்கு மூளை இல்லையோ" என்று தோன்றும். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை. பரீட்சையில் தெரியாததை ஊகித்து எழுதி, அரியர் வந்து, பாதியில் நின்றுவிட்டவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். இந்தப் புதிரில் ஒரு ஆங்கில வார்த்தை கூடக் கிடையாது. வெறும் எண். கான்வென்டில் படித்தவரும் கவர்மென்ட் ஸ்கூலில் படித்தவரும் இதன் முன்னால் ஒன்றுதான். பத்துக்குப் பத்துக் கட்டத்தை ஊகிக்காமல் முடிக்கிறவனுக்கு லாஜிக் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வராதது மொழிதான். மொழி பழகினால் வந்துவிடும். யோசிக்கும் திறமை நம் வீட்டுத் தறியிலும் வாசலிலும் ஏற்கெனவே இருந்திருக்கிறது.

நம் பாடத்துக்கும் இதற்கும்

டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸில் கார்னா மேப் போடுகிறோமே, 1953-ல் மாரிஸ் கார்னா கொடுத்த முறை, அதுவும் கட்டத்துக்குள் ஒன்றுகளைக் கூட்டம் சேர்ப்பதுதான். நோனோகிராம் பழகியவனின் கண் அந்தக் கூட்டங்களைச் சீக்கிரம் பிடிக்கும்.

அதைவிட முக்கியம், பழுது பார்க்கும் முறை. மோட்டார் ஓடவில்லை. என்ன செய்வோம்? "வைண்டிங் போயிருக்கும்" என்று எடுத்த எடுப்பில் சொல்கிறவர் ஊகிக்கிறார். சப்ளை வருகிறதா பார், வருகிறது. அங்கே ஒரு பெருக்கல் குறி. ப்யூஸ் சரியா, சரி; இன்னொரு பெருக்கல் குறி. ஓவர்லோடு ரிலே விழுந்திருக்கிறதா, இல்லை; மூன்றாவது பெருக்கல் குறி. அப்புறம்தான் சப்ளையை நிறுத்திவிட்டு வைண்டிங்கில் தொடர்ச்சி பார்க்க வேண்டும். உண்டு, இல்லை, இன்னும் தெரியாது என்று மூன்றாகப் பிரித்து வைப்பதுதான் இரண்டிலும் ஒரே வித்தை. 'இன்னும் தெரியாது' என்பதை 'உண்டு' என்று நினைத்து வேலை செய்தால் புதிரில் இதயம்தான் போகும். வேலையிடத்தில் போவது நிஜ உயிர்.

இன்னொரு செய்தி. 1996-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் உவேடா, நகாவோ இருவரும் நோனோகிராம் 'என்பி முழுமை' என்ற கடினமான கணக்கு வகையைச் சேர்ந்தது என்று நிரூபித்தார்கள். எளிதாகச் சொன்னால், கட்டம் பெரிதாகிக்கொண்டே போகும்போது எல்லாப் புதிரையும் வேகமாக முடிக்கும் ஒரு பொது வழி இன்றுவரை யாரிடமும் இல்லை. அப்படி ஒரு வழி உண்டா இல்லையா என்பதைத் தீர்த்து வைப்பவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று கிளே கணித நிறுவனம் 2000-ல் அறிவித்தது. பூனைக்குட்டி வேஷத்தில் வந்திருப்பது எவ்வளவு பெரிய புலி பாருங்கள்!

எச்சரிக்கையும் வேண்டும்

நல்ல விளையாட்டானாலும் விளையாட்டுதான். மூன்று விஷயம் சொல்கிறேன். முதலாவது, காசு. இலவசம் என்று தொடங்கி, "குறிப்பு வேண்டுமா, பணம் கட்டு" என்று கேட்கும் ஆட்டங்கள் உண்டு. ஒரு பைசா கொடுக்காதீர்கள். குறிப்பு வாங்கி முடித்த படம் நம்முடையது அல்ல. இரண்டாவது, நேரம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரும் பஸ் பயணத்தில் ஒரு புதிர் போதும். இறங்கியதும் போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். மூன்றாவது, போனே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ரெக்கார்டு நோட்டு வாங்கும்போது கிடைக்கும் கிராப் ஷீட்டும் ஒரு பென்சிலும் ரப்பரும் போதும். சார்ஜும் வேண்டாம், நெட்டும் வேண்டாம்.

நீங்களே செய்யுங்கள்

விடுவிப்பதைவிடச் செய்வது இன்னும் சுவை. முதலில் படம் வரையுங்கள், பிறகு எண்ணி எழுதுங்கள். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. இரண்டுக்கு இரண்டு கட்டம், எல்லா வரிசைக்கும் 1, எல்லாத் தூணுக்கும் 1 என்று வைத்துப் பாருங்கள். மூலைவிட்டமாக இப்படியும் வரும், அப்படியும் வரும். இரண்டு விடை! இரண்டு விடை உள்ள புதிர் நியாயமான புதிர் அல்ல. ஆகவே செய்து முடித்தவுடன், படத்தை மூடி வைத்துவிட்டு எண்களை மட்டும் பார்த்து நீங்களே விடுவித்துப் பாருங்கள். எங்கும் ஊகிக்காமல் முடிந்தால் புதிர் தேறியது.

இதோ, அப்படிச் சோதித்த ஒரு புதிர் உங்களுக்காக. ஏழுக்கு ஏழு கட்டம்.

வரிசைகள், மேலிருந்து கீழாக:
முதல் வரிசை: 2 1
இரண்டாம் வரிசை: 3 3
மூன்றாம் வரிசை: 2 2
நான்காம் வரிசை: 2 4
ஐந்தாம் வரிசை: 6
ஆறாம் வரிசை: 4
ஏழாம் வரிசை: 4

தூண்கள், இடமிருந்து வலமாக:
முதல் தூண்: 5
இரண்டாம் தூண்: 6
மூன்றாம் தூண்: 1 3
நான்காம் தூண்: 4
ஐந்தாம் தூண்: 6
ஆறாம் தூண்: 5 1
ஏழாம் தூண்: 1 1

இரண்டாம் வரிசை, நான்காம் வரிசை, ஆறாம் தூண் மூன்றிலும் மிச்சம் பூஜ்யம். அங்கிருந்து தொடங்குங்கள். விடையை இங்கே தரவில்லை. இவருக்காகவே செண்பகத்தோப்பு மலையில் 1988-ல் ஒரு சரணாலயம் அமைத்தார்கள். 2021-ல் அந்தக் காடு மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. மரத்துக்கு மரம் தாவும்போது பின்னால் நீண்டு வரும் வாலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

முடித்தவர்கள் வகுப்புக்கு வந்து என்னிடம் காட்டலாம். அடுத்தபடியாகச் சிப்பிப்பாறை நாயைப் பத்துக்குப் பத்தில் யாராவது செய்து கொடுத்தால், அதை விடுவிக்கும் முதல் ஆளாக நான் தயார்!

அன்புடன்,
இரண்டாம் ஆண்டு மாணவன்,
மின்னியல் துறை.